பாண்டிமீனாவும் பேசாத அண்ணனும்

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பாண்டிமீனா உளவியல் நடத்துகிறாள். நவீன உளவியல் எப்படி வளர்ந்தது, அதில் எந்தெந்தச் சிந்தனைப் பள்ளிகள் கிளம்பின, ஒன்றையொன்று எப்படி மறுத்தன என்பதுதான் அவள் பாடம். அம்மா சோணையம்மாள் அடுத்தவர் வயலில் களையெடுத்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள். வில்லாபுரத்தில் மூவரும் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள்.

அண்ணன் சங்கிலி கப்பலூரில் ரப்பர் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டினான். ஒரு நாள் கூட்டாளி நல்லகாமன் மிஷின் அச்சில் ஒட்டிய ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அதைக் கவனிக்காமல் சங்கிலி பொத்தானை அழுத்திவிட்டான். நல்லகாமனின் வலக்கை விரல்கள் நசுங்கிப் போயின. சங்கிலியை யாரும் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

பாண்டிமீனாவுக்கு முதலில் பயமே வரவில்லை. இதற்குத்தானே படித்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

வெளியே தெரியும் நடத்தையை மாற்று, மற்றது தானாக மாறும் என்கிறது நடத்தையியல். அண்ணன் எழுந்து வாசல் வரைக்கும் வந்தால், அவனுக்குப் பிடித்த பருத்திப்பாலை வாங்கி வந்து கொடுத்தாள். சில நாளிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"நாயப் பழக்குற மாதிரி என்னையப் பழக்குறியா?"

அவன் பேசிவிட்டான் என்று சந்தோஷப்படுவதா, பேசியதைக் கேட்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதோடு அவன் பழையபடி பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அடுத்து உளப்பகுப்பாய்வு. வேர் சின்ன வயதில் இருக்கலாம் என்று, அண்ணன் சிறுவனாக இருந்தபோது எதற்காவது மிரண்டதுண்டா என்று அம்மாவிடம் கேட்டாள்.

"நான் வளத்த வளப்புலதான் கோளாறுங்கிறியா? இடுப்புல அவனத் தூக்கிக்கிட்டே நாத்து நட்டேன்டி!" சோணையம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எதையும் திணிக்காமல் கூடவே இரு, மனிதன் தானே மலர்வான் என்கிறது மனிதநேய உளவியல். கல்லூரி விட்டு வந்ததும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் அவளுக்கே தாங்கவில்லை.

"ஏண்ணே, ஒரு வார்த்த பேசுனா கொறஞ்சா போயிருவ? நாங்க எம்புட்டுத்தான் தாங்குறது?"

சங்கிலி அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பிறகுதான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். தான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வீட்டு ஆளுக்கு நீங்களே வைத்தியம் பாக்காதீங்கம்மா. நீங்க தங்கச்சியா மட்டும் இருங்க."

மாத்திரையில் அவனுக்குத் தூக்கம் வந்தது. பேச்சு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லகாமன் வந்தான். கட்டுப் பிரித்த கையைத் துண்டால் மூடியிருந்தான்.

"மாப்ள, உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லடா. கைய விட்டது நாந்தான்" என்று பக்கத்தில் போனான்.

சங்கிலி எழுந்து உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். நல்லகாமன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, இடக்கையால் காப்பியை வாங்கிக் குடித்தான்.

"இதத்தானம்மா நீ படிச்சிருக்க. அவன் மனசுக்குள்ள என்னதான் ஓடுது?"

"தெரியலண்ணே" என்றாள் பாண்டிமீனா.

அவன் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினான். கதவு திறக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

இப்போது சங்கிலி "தண்ணி", "போதும்" என்கிற அளவுக்குப் பேசுகிறான். கப்பலூர்ப் பக்கம் போவதில்லை. மருத்துவர் நாளாகும் என்கிறார், எவ்வளவு நாள் என்று சொல்வதில்லை. காலையில் பாண்டிமீனா அவன் சாப்பாட்டை மூடி வைத்து, "போயிட்டு வாரேண்ணே" என்கிறாள். அவன் ஏதாவது சொல்வானோ என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறாள்.