விமானத்துக்கு உடைத்த தேங்காய்

1987ஆம் ஆண்டு, கோடை முடியப்போகும் ஒரு சனிக்கிழமை. ரொறன்ரோவுக்கு வடக்கே, வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த தொடர்மாடியிலிருந்து காரில் நாற்பது நிமிடத் தூரத்தில், சோளக் காணிகளுக்கு நடுவே ஒரு சின்ன விமானத் தளம் இருந்தது. அங்கே என் மனைவி செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் மகளைக் கட்டிய மருமகன் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்கள் திருத்துபவர். அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் ஓவர்டைம் செய்து வீடு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், இவர் சனி ஞாயிறுகளில் சின்ன விமானம் ஓட்டப் பழகி, அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார். எதற்கு என்று கேட்டேன். சும்மா ஆசைக்கு என்றார். ஆசைக்கு மீன் பிடிக்கலாம், கரம் விளையாடலாம். சின்ன விமானத்தில் என்னென்ன ஆபத்துகள் உண்டு என்று யோசித்து, பதினொன்றை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பன்னிரண்டாவது ஒன்றைச் சொன்னார். அது எனக்குத் தோன்றியே இருக்கவில்லை. இரண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை.

என் மனைவிக்கோ பயம் என்பதே கிடையாது. நாங்கள் கனடாவுக்கு வந்தபோது ஜன்னல் ஓர இருக்கை எனக்குக் கிடைத்தது. கீழே பார்த்தால் தலை சுற்றும் என்று மறைப்பை இழுத்து மூடினேன், இறங்கும்வரை திறக்கவில்லை. அவள் நடு இருக்கையில் இருந்தாள். இவ்வளவு தூரம் பறந்து வந்தும் மேலேயிருந்து ஒன்றையும் தான் பார்க்கவில்லை என்று மூன்று வருடமாக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் முறையிட்டுக்கொண்டிருந்தாள். மருமகனுக்கு அது நல்ல சாட்டாகப் போயிற்று. மாமியைத் தானே மேலே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். முதல் முறை ஏற்பாடு செய்தபோது முகில். அடுத்த முறை காற்று. இது மூன்றாவது முறை. அடுத்த கிழமை அவருக்கு மேற்கே வெகு தொலைவில் உள்ள கல்கரியில் புது வேலை தொடங்குகிறது. மகளும் கூடப் போகிறாள். அன்றைக்குப் பறக்காவிட்டால் இனி இல்லை. அவளை மேலே அனுப்பிவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க என்னால் முடியாது என்பதால் நானும் வருகிறேன் என்றேன். நாலு இருக்கை, நாலு பேர்.

விமானம் எங்களுக்கு இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை. நாலு மணிக்கு அதை வேறொருவர் எடுக்கிறார். மருமகன் கையெழுத்துப் போட்டு, விமானத்தை ஸ்டார்ட் செய்யும் திறப்பை வாங்க அலுவலகத்துக்குள் போனார். மகள் காரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் விமானத்தின் வால் பக்கம் நின்று தகட்டில் இருந்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறில் ஒன்றில் துரு. அதைப் பற்றி மருமகனிடம் எப்படிக் கேட்பது என்று யோசிக்கும்போது முன்பக்கத்தில் படீரென்று ஒரு சத்தம்.

எங்கள் சனங்கள் புதுக் கார் வாங்கினால் செய்வதை அவள் செய்திருந்தாள். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, நேர் முன்னால், விமானத்தின் மூக்கில் இருந்த விசிறிக்குக் கீழே, சிதறு தேங்காய் அடித்திருந்தாள். விமானத்துக்குச் சில்லு மூன்றுதான். நாலாவது தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நாலாவது சில்லைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுத்ததாகக் கற்பூரம் கொளுத்த அவள் நெருப்புப்பெட்டியை எடுக்க, மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். தலைக்கு மேலே இருந்த சிறகுக்குள் முழுக்கப் பெற்றோல்.

"என்ன வேலை பாத்தனீர்?" என்று கத்தினேன்.

"முதன்முதல் வெளிக்கிடுற வாகனம். சும்மா எப்பிடிப் போறது?"

"இது எங்கடை வாகனமே? வாடகைக்கு எடுத்தது."

"வாடகை எண்டால் விழாதோ?"

அதற்குள் தளத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் மருமகனோடு வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். அவர் கத்தவில்லை. விசிறி சுழலத் தொடங்கினால் தரையில் கிடக்கும் சின்னப் பொருளையும் இழுத்தெடுக்கும், விசிறியில் பட்டால் அது பழுதாகும், இந்த வழியால் வருகிற மற்ற விமானங்களுக்கும் அதுதான் கதி என்று மருமகனிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கையை நீட்டித் திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கடைசித் துண்டுவரை பொறுக்கிய பிறகுதான் திறப்பு. மருமகனின் முகம் கறுத்துப்போயிற்று.

"போய்க் காருக்குள்ளை இரும். ஒண்டிலையும் கை வைக்காதையும்" என்று மனைவியை விரட்டினேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

நானும் மகளும் மருமகனும் முழங்காலில் நின்று பொறுக்கினோம். நான் ஊரில் அரசாங்கக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவன். எண்ணிக்கை சரியா என்று பார்க்காமல் எந்தப் பொருளையும் ஒப்படைத்ததில்லை. ஆகவே புல்லில் ஒரு பேப்பரை விரித்து, சிரட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தத் தொடங்கினேன். வெள்ளைக்காரரும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். இரண்டு துண்டுகளை அவரே பொருத்தினார். பதினேழு துண்டுகளும் சேர்ந்து தேங்காய் முழு உருவத்துக்கு வந்தது. கண் பக்கத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதைச் சுட்டிக்காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, திறப்போடு எழுந்து போனார்.

"அப்பா, நீங்கள் உந்தத் தேங்காயைப் பொருத்திக் காட்டாட்டில் அவர் இப்ப திறப்பைத் தந்திருப்பார்" என்றாள் மகள்.

"குறையிறதைக் குறையுதெண்டுதானே சொல்லோணும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை.

திரும்பவும் தேடினோம். விமானத்துக்குக் கீழே, புல்லுக்குள், தண்ணீர் ஓடும் காணுக்குள். மூன்றேகால் ஆயிற்று. மருமகன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "விடுங்கோ மாமா. மாமிக்கு நான் சொல்லுறன்" என்றார். நானே சொல்கிறேன் என்று காருக்குப் போனேன்.

"இண்டைக்கு இல்லை. ஒரு துண்டைக் காணேல்லை."

"என்ன துண்டு?"

"தேங்காய்த் துண்டுதான். வேறை என்ன?"

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ரிஷு பேப்பரில் சுற்றிய ஒரு துண்டு. தேங்காயின் கண்ணும் அதிலே இருந்தது. சாமிக்கு உடைத்தது என்று விமானத்துக்குள் வைப்பதற்காக அப்போதே எடுத்துவைத்திருக்கிறாள்.

"ஏன் உதை முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் இதைத்தான் தேடுறியள் எண்டு ஆர் எனக்குச் சொன்னது? உங்கடை மூக்குக்கண்ணாடி விழுந்திட்டுது எண்டெல்லோ நினைச்சன்."

வெள்ளைக்காரர் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில். அதை அவளுக்குத் தமிழில் சொல்லவேண்டியவன் நான். நான் தமிழில் சொன்னதெல்லாம் வேறு.

அந்தத் துண்டோடு நான் ஓடிய ஓட்டம் என் வயதுக்கு உகந்ததல்ல. அது ஓட்டையில் சரியாக உட்கார்ந்தது. வெள்ளைக்காரர் தேங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காரிலிருந்து இறங்கி வருகிற சேலைக்காரியைப் பார்த்தார். மருமகனின் கையில் திறப்பை வைத்துவிட்டு, தேசிக்காய்களைத் தானே குனிந்து எடுத்தார்.

மருமகன் விமானத்தை ஒழுங்காகச் சோதித்து முடிய, பறக்கக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். மனைவி முன்னுக்கு, மருமகனுக்குப் பக்கத்தில். நானும் மகளும் பின்னுக்கு. தகரப் பெட்டிக்குள் இருந்து குலுங்குவது போல விமானம் ஓடிக்கொண்டிருக்க, திடீரென்று குலுக்கம் நின்றது. தரை விட்டுப்போயிற்று. நான் முன் இருக்கையை இறுக்கிப் பிடித்தேன். அவளோ கண்ணாடியில் நெற்றி முட்ட எட்டிப் பார்த்தாள்.

"முகிலின்ரை நிழல் சோளத்துக்கு மேலாலை ஓடுது, தம்பி" என்று மருமகனின் காதுக்குள் கத்தினாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அவர் தனக்கு முன்னால் இருந்தது போலவே அவளுக்கு முன்னாலும் இருந்த சுக்கானைக் காட்டி, மெல்லப் பிடிக்கச் சொன்னார். சைக்கிள்கூட ஓடி அறியாதவள் பிடித்தாள். வேண்டாம் என்று கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லையோ, கேட்காதது போல் இருந்தாளோ, இன்றுவரை சொல்லமாட்டாள்.

அவள் சரித்தது நான் இருந்த பக்கம். கண்ணை மூட எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. சிறகு கீழே போக, அதன் நுனிக்கு அப்பால் பச்சைச் சதுரங்களும் கோடு போட்ட தெருக்களும், தூரத்தில் வெள்ளித் தகடு போல ஏரியும் ஒன்றாக மேலே எழும்பி வந்தன. அழகாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளவே எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருக்க இறங்கினோம். அடுத்த கிழமை பிள்ளைகள் இருவரும் கல்கரிக்குப் போய்விட்டார்கள்.

விமானத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தது பிழை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் கோபத்தில் ஒருவரைத் துரத்தும்போது நாம் தேடுகிறதும் சிலவேளை அவரோடு போய்விடுகிறது என்பதை அன்றைக்குக் கண்டதால், இப்போதெல்லாம் அவளைத் திட்டுவதென்றாலும் பக்கத்திலேயே இருத்தி வைத்துக்கொண்டுதான் திட்டுகிறேன்.