உதட்டில் ஒட்டியிருந்தது மாவு இல்லை

உதட்டோரத்தில் மாவு ஒட்டியிருப்பதாக முதலில் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். காலையில் எங்கள் கடைக்கு இட்லி சாப்பிட வருகிறவர், நல்ல மனிதர். "ஏனுங்க, வாயில மாவு ஒட்டியிருக்குதுங்க" என்று தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். முந்தானையால் துடைத்தேன். இன்னும் இருக்கிறது என்றார். மறுபடியும் துடைத்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த என் கணவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தால் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை. தண்ணீர் விட்டுத் தேய்த்தும் அது போகவில்லை.

அது எழுபதுகளின் கடைசி. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் மலையேறி வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் டிபன் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. டீயும் கல்லாவும் அவர் பொறுப்பு, அடுப்பும் தோசைக்கல்லும் என் பொறுப்பு. மகள் அப்போது கைக்குழந்தை.

தேமலாக இருக்கும் என்றார் மாமியார். கார்போக அரிசி என்கிற மருந்து விதையை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னார். ஏற்காட்டில் அந்தப் பனி மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மூடுபனி விலகும் நேரம் பார்த்துக் கொல்லையில் நிற்பேன். தோல் கொப்பளித்ததுதான் மிச்சம். அதற்குள் விரல் நுனிகளிலும் கண்ணைச் சுற்றியும் வந்துவிட்டது. சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். இது வெண்புள்ளி, ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, உடம்புக்கு வேறு கெடுதலும் இல்லை, ஆனால் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கணவர் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களில் யார் அந்த டாக்டரிடம் போய்க் கேட்கப் போகிறார்கள்?

ஒரு சீசன் ஞாயிற்றுக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. சமவெளியிலிருந்து வந்த ஒரு குடும்பம் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நான்தான் தோசையைக் கொண்டுபோய் வைத்தேன். அந்த அம்மாள் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். குழந்தையின் தட்டைப் பிடுங்கி அப்பால் தள்ளிவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "குஷ்டம் புடிச்ச கையில சோறு போடறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்குதா?"

அடுத்த பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். என் கணவர் ஓடிவந்தார். இது அந்த நோய் இல்லை என்று அவர் சொல்லுவார் என நினைத்தேன். அவர் சொல்லவில்லை. தப்பாயிடுச்சுங்க, மன்னிச்சுக்குங்க, நானே என் கையால் சுட்டுத் தருகிறேன் என்று கும்பிட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எடுக்கும்போது என் விரல் அந்தப் பெஞ்சில் படாமல் பார்த்துக்கொண்டேன். அப்படிப் பார்த்துக்கொண்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த அம்மாள் சொன்னதை நானே நம்பிவிட்டேன் போல.

அன்றைக்கு மத்தியானம் அவர் என்னிடம் மெதுவாகத்தான் பேசினார். "கொஞ்ச நாளைக்கு நீ ஊட்டுக்குள்ளயே இரு புள்ள. யாவாரம் படுத்துரும்." கொஞ்ச நாள் என்றது வருஷங்களாக நீண்டது. தோசைக்கல்லுக்கு ஓர் ஆள் வைத்தார். நான் பின்னால் பாத்திரம் கழுவினேன், வெங்காயம் உரித்தேன். பிறகு அதுவும் வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். எனக்கென்று ஒரு டம்ளரும் தட்டும் தனியாக வந்தன. யாரும் தனி என்று சொல்லவில்லை. அவை ஜன்னல் மேட்டில் இருந்தன, அவ்வளவுதான்.

தெருக்குழாயில் நான் குடத்தை வைத்தால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். நான் பிடித்து முடித்ததும் ஒருத்தி குழாயின் வாயைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தன் குடத்தை வைப்பாள். அவள் என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீருக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

சாமியிடம் கேட்காத நாள் இல்லை. அடுப்படியில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்று, நான் என்ன பாவம் செய்தேன், இரக்கம் காட்டு என்று கேட்பேன். கேட்கும்போதுகூட முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். சாமி பார்த்தாலும் வெட்கமாக இருந்தது.

மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா வரும். மலையூர்களிலிருந்தெல்லாம் சனம் வந்து குவியும். ஒரு வருஷம், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகும் வருஷம், நான் தனியாக நடந்து மேலே போனேன். அந்தக் கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் உரசாமல் முடியாது. வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பினாள். இடுப்பில் குழந்தை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கொழந்தை இருக்குது" என்றாள். தள்ளி நின்றேன். எனக்குப் பின்னால் இருந்தவர்களும் தள்ளினார்கள். அத்தனை நெருக்கடியான வரிசையில் என்னைச் சுற்றி மட்டும் வெறும் தரை. யாரோ ஓர் ஆள், இதுங்களையெல்லாம் ஏன் உள்ளே விடுகிறார்கள் என்று பொதுவாகக் கேட்டார். நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

பாறை ஓரமாக நின்றேன். காற்று சேலையைப் பிய்த்தது. குகை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். எனக்கு நல்லாக வேண்டாம் சாமி, என் மகளுக்கு மட்டும் இதைக் கொடுத்துவிடாதே, இவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது, நீயாவது இரங்கு என்று வாய்விட்டே சொன்னேன். அழுதுகொண்டிருந்ததால் யாராவது கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது.

அப்போது குகையிலிருந்து வெளியே வந்த ஒரு பெண் என் பக்கம் நடந்து வந்தாள். செம்மநத்தம் என்கிற மலையூர்க்காரி என்று போகும்போது சொன்னாள். காட்டில் வேலை செய்து காப்புக் காய்த்த கை. ஒன்றும் கேட்காமல், தன் உள்ளங்கையில் வைத்திருந்த திருநீற்றைக் கட்டைவிரலால் எடுத்து என் நெற்றியில் அழுத்திப் பூசினாள். நெற்றியிலும் அப்போது வெள்ளை இறங்கியிருந்தது. இவளுக்குக் கண் சரியில்லை, பார்க்காமல் தொட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தெரியாமல் தொட்டவள் பிறகு தெரிந்து பதறக் கூடாது என்று இரண்டு கையையும் விரித்து அவளிடம் காட்டினேன்.

"பாத்தனுங்க" என்றாள். "வரிசையில நிக்கறப்பவே பாத்தனுங்க. உள்ள போயி உங்களுக்கும் சேத்துத்தான் கும்புட்டு வந்தேன்."

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏச்சுக்குப் பழகியிருந்த உடம்பு இதற்குப் பழகவில்லை. அவள் தன் சனத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்த்ததில்லை.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் மழைக்குக் குடை கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் நின்றேன். மற்றப் பிள்ளைகளோடு வந்தவள் என்னைக் கண்டதும் நின்றாள். கிட்டே வந்து, தரையைப் பார்த்தபடி, "அம்மா, இனிமே நீ வராத. அப்பாவ வரச்சொல்லு" என்றாள். குடையை வாங்கிக்கொண்டு போனாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பிள்ளையை இப்படிச் சொல்ல வைத்துவிட்டேனே என்று என் மேல்தான் வந்தது.

வருஷங்கள் போகப் போக வெள்ளை பரவி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் என் பழைய நிறத்தில் ஒரு திட்டுகூட முகத்திலோ கையிலோ மிச்சமில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஏரிக்கரையில் ஒரு வடநாட்டுத் தம்பதி என்னிடம் இங்கிலீஷில் பேசி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரி சேலை கட்டியிருக்கிறாள் என்று நினைத்தார்கள். மாமியார் அப்போது உயிரோடு இல்லை. கணவர் என்னை மறுபடியும் கடைப் பக்கம் வர விட்டார். யாரும் தட்டைத் தள்ளவில்லை.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தோம். சேலத்திலிருந்து ஓர் இடம் வந்தது. முந்தின நாளே என் நாத்தனார் வந்து சொல்லிவைத்தார்: "பொறப்புலயே செவப்புன்னு சொல்லிரு. அவங்களா ஒண்ணும் கேக்கப்போறதில்ல." கணவரும் அதையே விரும்பினார். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா நல்லமாதிரிதான் பேசினார். காபியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்க நெறம் பொண்ணுக்கு வரலீங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகள் காபித் தட்டோடு நின்றிருந்தாள். இவள் அந்த வீட்டுக்குப் போய், ஒருநாள் இவள் கையில் ஒரு புள்ளி வந்தால், அந்த வீட்டில் எந்த ஜன்னல் மேட்டில் இவள் டம்ளரை வைப்பார்கள் என்று தோன்றியது.

"இது நெறமில்லீங்க. வெண்புள்ளிங்க. எனக்குக் கல்யாணத்துக்கப்புறம் வந்துச்சு" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மாள் காபியைக் கீழே வைக்கவில்லை, குடித்து முடித்தார். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

பெத்த மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்று நாத்தனார் சத்தம் போட்டுவிட்டுப் போனார். கணவர் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் கேட்டதே இல்லை.

"அம்மா, எனக்கும் வருமா?"

"தெரியல கண்ணு. வராமயும் போலாம்னு டாக்டர் சொன்னாரு."

மாவுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து அவளே கரைத்தாள்.

அடுத்த வருஷக் கடைசியில் தலைச்சோலையிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். இந்த முறை அவர்கள் உட்காருவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். பையனின் அம்மா, ஊரில் பலபேர் சொல்லித் தெரியும் என்றார். பொண்ணுக்கு எஸ்டேட் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டார். சேலத்திலிருந்து வருகிறவர்களுக்கு நொம்பக் குளிரும், இவள் இங்கேயே பிறந்தவள்தானே என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

கல்யாணத்தன்று நான் பின்னால் பந்திப் பக்கம் நின்றுகொள்கிறேன் என்றேன். சம்பந்தியம்மா விடவில்லை, கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கத்துச் சனமும் பார்த்துக்கொண்டிருந்தது. சாமி, நீ இரங்கிவிட்டாய் என்று மனதுக்குள் கும்பிட்டேன். ஆனாலும் தலையை நிமிர்த்த முடியவில்லை. மகள் வீட்டில் அந்த ஆல்பம் இருக்கிறது. எல்லாப் படத்திலும் என் உச்சி வகிடும் அதில் வைத்த குங்குமமும்தான் தெரிகின்றன.