மீன் தின்னாத நானாவின் ஓ நெகட்டிவ்

ஒருவருடைய இரத்தம் நம் உடம்பில் ஏறினால், அவருடைய நாக்கும் கூடவே ஏறிவிடுமா? உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நான். ஏறாது என்று ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதிக் கொடுப்பேன். ஆனாலும் நெஞ்சைத் தொட்டு விடை சொல்லச் சொன்னால் இன்னும் தடுமாறுகிறேன்.

மூத்த மகள் பிறந்தபோது எனக்கு இரத்தம் நிறையப் போய்விட்டது. என்னுடைய வகை ஓ நெகட்டிவ். இந்த வகையை யாருக்கும் ஏற்றலாம். எனக்கு ஏற்றுவதென்றால் இன்னொரு ஓ நெகட்டிவ் வேண்டும். ஊருக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டு, தான் மட்டும் தன் வீட்டுச் சட்டியில்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிற மாதிரி. கணவர் பி பொசிட்டிவ். அவருடைய சகோதரர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள், ஒருவருடையதும் பொருந்தவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்ததும் போதவில்லை. கணவர் பள்ளிவாசல் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார்.

ஓடி வந்தவர், எங்கள் வாசலுக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் நானா. அண்ணனை நாங்கள் நானா என்போம். பெட்டியை ஐஸோடு ஆஸ்பத்திரிக் கேட்டிலேயே விட்டுவிட்டு வந்தாராம். தாதி அவரைத் திரும்பத் திரும்பக் கை கழுவ வைத்தாராம். அன்றிலிருந்து எங்கள் ஊரான கனமூலையில் வேறு யார் மீன் கொண்டுவந்தாலும் எங்கள் கேட் திறப்பதில்லை.

இப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில். கிளினிக்கில் மிட்வைஃப், "போன முறை ரத்தம் தந்தவர் பக்கத்திலதானே ஈக்கிறார்? இப்பவே அவர்ட்ட கதைச்சு வச்சுக்கொள்ளுங்க" என்றார். சொன்னதைச் செய்கிறவள் நான். மறுநாளே கேட்டில் போய் நின்றேன். நானா வந்து பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே பாரை மீன். கேட்டைப் பிடித்துக்கொண்டு, அவருடைய மோட்டார் சைக்கிளின் முன்சில்லின் மேலேயே வாந்தியெடுத்தேன்.

மன்னிப்புக் கேட்க நான் வாயைத் துடைப்பதற்குள் அவர் முகம் வெளிறிவிட்டது.

"மீன் மணம் ஒத்துக்கொள்ளுதில்லையா தங்கச்சி?"

"ஓம் நானா. கொஞ்ச நாளா இப்பிடித்தான்."

"முந்தி நல்லாத் தின்டீங்களே."

"முந்தித் தின்டன்."

அவர் பெட்டியை மூடினார். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் மீன் தின்கிறல்ல தங்கச்சி. சின்னதிலேருந்தே குமட்டும். யாவாரம் கெட்டுப்போகும் எண்டு ஆருக்கும் சொல்றல்ல. என்ட ரத்தம்தான் உங்களுக்கு இந்த வேலையப் பாத்தீக்கிது."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"இன்னொருக்காவும் ஏத்தினா நீங்க கருவாட்டையும் விட்ருவீங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம். வேற ஆளப் பாருங்க."

மோட்டார் சைக்கிள் உறுமியது. வேறு ஆள் எங்கே இருக்கிறது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தினேன். நடு ஒழுங்கையில் பாடம் தொடங்கியது. சிவப்பணுக்களின் மேல் ஏ, பி என்று அடையாளங்கள் உண்டு. எங்கள் இருவருக்கும் அவை இல்லை. நெகட்டிவ் என்றால் ஆர்எச் என்கிற இன்னோர் அடையாளமும் இல்லை. எனக்கில்லாத அடையாளத்தோடு வருகிற இரத்தத்தை என் உடம்பு எதிரி என்று அடிக்கும். அவருடையதை அடிக்காது. நாக்குக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த அணுக்கள் நாலு மாதம் போல்தான் உயிரோடிருக்கும்.

"உங்கட ரத்தம் என்ட உடம்புல எப்பவோ முடிஞ்சு போச்சு நானா."

"முடிஞ்சு போச்சா?" என்றார். அவருக்கு அது மனவருத்தம் போலிருந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்த கணவர் என் பக்கம் பேசினார். "நானா, இவட ரத்தம் எனக்குச் சரி வரும். அத ஏத்தினா நானும் இவளப் போல ராவைக்கு எழும்பி எழும்பி, கேஸ் அடுப்பு பூட்டியீக்கிதா எண்டு பாப்பனா?"

நானா முதல் முறையாகச் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. "அப்ப என் கண் முன்னால ஒரு துண்டு தின்னுங்க. தின்டா நம்புறன்."

கணவர்தான் பொரித்தார். புகை வெளியே வந்ததும் நானா கேட்டுக்கு அப்பால் போய்ச் சட்டைக் கொலரை மூக்குவரை இழுத்துக்கொண்டார். நான் தேசிக்காயைப் பிழிந்து, மூச்சைப் பிடித்து, ஒரு துண்டை வாயில் வைத்தேன். எனக்கும் குமட்டல், அவருக்கும் குமட்டல். ஒருவரையொருவர் பார்த்து நின்றோம்.

"இறங்கிட்டா?" கொலருக்குள்ளிருந்து கேட்டார்.

"இறங்கிட்டு."

"எப்பிடி?"

"நல்லா ஈக்கிது நானா."

கணவர் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார், தோள் குலுங்கியது. "அப்ப எந்த நேரமெண்டாலும் கூப்பிடுங்க" என்று நானா புறப்பட்டார். அவர் ஒழுங்கை முனையில் திரும்பி மறையும் வரைக்கும்தான் என்னால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

இப்போது நாள் தவறாமல் நல்ல மீனாகப் பார்த்துக் கொண்டுவருகிறார். நேற்றையது எப்படி என்று கேட்காமல் போவதில்லை. அப்பாவும் மகளும் தின்று முடிக்கிறார்கள். நான் நல்லா ஈக்கிது என்கிறேன். உண்மையைச் சொன்னால் தன் இரத்தத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு பின்வாங்கிவிடுவாரோ என்று பயம். எனக்காக ஊசிக்குக் கை நீட்டப்போகிற மனிதரிடம் இப்படிப் பொய் சொல்லலாமா என்றும் பயம். ஒருவேளை எல்லாவற்றையும் நான்தான் பெரிதாக்குகிறேனோ?

வாசிக்கிறவர்கள், முக்கியமாகப் பிள்ளை பெற்றவர்கள், சொல்லுங்கள். உண்மையைப் பிள்ளை பிறக்க முன்பு சொல்வதா, பிறகா? முன்பு என்றால், அவர் மனம் மாறாதபடி எந்தச் சொல்லில் தொடங்குவது? எனக்கு நாள் கிட்டிவிட்டது. கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள்.