டொக்டர் எங்களை மோந்து பார்த்த நாள்

எழுபதுகளின் நடுவில் ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே ஒரு பெற்றோல் செட்டில் வேலை செய்தேன். கூட நின்றவர் கிண்ணியாக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நானா என்றுதான் கூப்பிடுவேன். பீப்பாயிலிருந்து பெற்றோல் எடுக்க றப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார். ஒரு மிடறு உள்ளே போனாலும் துப்பிவிட்டுச் சிரிப்பார். கை கழுவுவதும் பெற்றோலில்தான். அவரைப் பார்த்து நானும் அப்படியே. சவர்க்காரத்தைவிட நன்றாக ஊத்தை போகும்.

ஏற்றத்தில் சைக்கிள் உருட்டினால் நானாவுக்கு மூச்சு வாங்கும்.

"வயசு போகுது தம்பி" என்பார். வயது முப்பத்தைந்து.

ஒருநாள் அவருடைய மனைவிக்குப் பிரசவம் கடினமாகி, ஆஸ்பத்திரியில் இரத்தம் கேட்டார்கள். இருவரும் ஓடினோம். தாதி நானாவின் விரலில் குத்தி, இரத்தத்தின் கனம் பார்க்க ஒரு துளியை நீலத் தண்ணீருக்குள் விட்டார். தாழவேண்டிய துளி மேலேயே நின்றது.

"உங்கட இரத்தம் காணாது. நீங்கள் குடுக்க ஏலாது."

"மிதக்கிறது நல்லதுதானே, மிஸ்ஸி?" என்றார் நானா.

என் துளி பாதிவழி போய், யோசித்து, திரும்பி மேலே வந்தது.

டொக்டர் வந்து எங்களை மோந்து பார்த்தார்.

"பெற்றோல் செட்டோ? வாயால இழுக்கிறனீங்களோ?"

"ஓம்."

"கை கழுவுறது?"

"அதாலதான்."

டொக்டர் கதிரையில் இருந்துவிட்டார். "அந்த ஆவி இரத்தம் ஊறுற இடத்தையே கெடுக்கும். அதுதான் காரணமெண்டு இப்ப சொல்ல ஏலாது. ஆனா இனி வாயும் வைக்காதீங்கோ, கையும் வைக்காதீங்கோ."

கடைசியில் இரத்தம் கொடுத்தவர் மனைவியின் அண்ணன். ஓர் ஆட்டுக்காக நானாவோடு இரண்டு வருடம் கதைக்காதவர். பெண் பிள்ளை சுகமாகப் பிறந்ததும் நானா அவரைக் கட்டிப்பிடிக்கப் போனார்.

"முதல்ல குளிச்சிட்டு வாங்க மச்சான்" என்றார் அவர்.

டொக்டர் எழுதித் தந்த துண்டோடு முதலாளியிடம் போனேன். முணுமுணுத்துக்கொண்டே ஒரு கைப்பம்பு வாங்கிவைத்தார். நானாவை டயருக்குக் காற்றடிக்க மாற்றினார். மாத்திரையும் முருங்கையிலையுமாக ஆறு மாதம் போனது. மறுபடி குத்தியபோது நானாவின் துளி நேரே அடிக்குப் போனது.

"தாண்டு போச்சு! தாண்டு போச்சு!" என்று கத்தினார்.

வெளியே இருந்த மீன்பிடிக்காரர்கள், மூழ்கியது யாருடைய தோணி என்று கேட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள்.