உள்ளிக் கருவாடு

என் மக்களே, முளைவிட்ட சின்ன வெங்காயத்தைக் குப்பையில் போடப்போன உங்கள் கையை நேற்று ஏன் பிடித்தேன் என்று கேட்டீர்கள். பேசினால் எனக்குக் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன்.

முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு மண்ணை நாக்கில் வைத்தால் கரிக்கும். அங்கேதான் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, உள்ளி வளர்த்தாள்; சின்ன வெங்காயத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். உடைந்த குடங்களில் ஆற்று மணலும் சாணமும் நிரப்பி, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவாள். பக்கத்திலேயே புதினாவும் மல்லியும் நிற்கும். "உப்புக்காத்துல உள்ளி விளையுமாக்கும்!" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மை சிரிப்பாள். அத்தை அவள் பாட்டுக்கு அடுத்த குடத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவாள். பிடுங்கியதில் திரண்டவற்றைத் காய்ந்த உள்ளித்தாளோடு முடிந்து அடுப்படி உத்தரத்தில் தொங்கவிடுவாள். மழை தொடங்கும்போது அதையே ஊன்றுவாள். ஐந்து வருசமாக விதைக்கென்று கடையில் ஒன்றுகூட வாங்கியதில்லை. கடைசியில் அந்தப் பெரியம்மையே வந்து விதைக்கு ஒரு கை உள்ளி கேட்டாள். "ஞாயித்துக்கிழமை வாங்க மயினி, தாரேன்" என்று சொன்னபோது அத்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அந்த வாரம் வானம் மூடிக்கொண்டது. ஈரத்தில் அழுகிவிடக் கூடாதே என்று அத்தை முடிச்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவள் பெரியதாழையில் சாவு விழுந்த ஒரு துட்டி வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. அவள் கவலையைத் தீர்த்துவைப்போம் என்று நான் முடிவெடுத்தேன். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. வீட்டில் மூட்டையாக உப்பு கிடந்தது. கெட்டுப்போகக் கூடாதென்றால் எங்கள் பக்கத்தில் உப்பில் போடுவார்கள். நான் அறிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். தாளைக் கிள்ளிவிட்டு, உள்ளி ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை என்று பானையில் அடுக்கினேன். மேல் வரிசைக்கு உப்புப் போட இடமில்லை. அப்படியே மூடிவிட்டேன்.

ஞாயிறு காலையில் வந்த அத்தை உத்தரத்தைப் பார்த்தாள்.

"ஏலே, உள்ளியெல்லாம் எங்கல?"

பெருமையோடு பானையைத் திறந்து காட்டினேன். உள்ளே எல்லாம் நீர்விட்டுக் கிடந்தது. "கருவாடு மாதிரி கெடாம இருக்கும்லா, அத்தை?"

அத்தை பானைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாள் என்று நின்றேன். அவளோ, லாரியில் பிடித்து வைத்திருந்த குடிதண்ணீரில் இரண்டு குடத்தைக் கவிழ்த்து உப்புப் போகக் கழுவினாள். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். கொழகொழத்தவை ஊறுகாய்க்குப் போயின. மேலே சுருங்கி அடி கெட்டியாக இருந்தவற்றின் தலையைச் சீவி, வேர்ப்பக்கத்தைச் சாம்பலில் புரட்டினாள். மேல் வரிசையில் தப்பித்தவை ஒரு கை இருக்கும். அவற்றைத் தனியே துடைத்து வைத்தாள்.

சரியாக அப்போது பெரியம்மை வந்தாள்.

"ஏளா, என்ன கூத்து இது?"

"எம் மருமவன் உள்ளிக் கருவாடு போட்டிருக்கான் மயினி. கருவாட்டோட கருவாடா கொழும்புக்கு அனுப்பலாம்னு இருக்கோம்."

பெரியம்மை சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப எனக்கு விதை இல்லேன்னு சொல்லு."

"யாரு சொன்னா? மடியப் பிடிங்க."

துடைத்து வைத்த அத்தனையையும் அத்தை அவள் மடியில் போட்டாள். ஒன்றைக்கூட எடுத்து வைக்கவில்லை. பிறகு சாம்பல் பூசிய துண்டுகளோடு குடங்களிடம் போனாள்.

அந்தத் துண்டுகளில் பாதிக்குமேல் செத்துப்போயின. மீதி தாள்விட்டு, அடியில் புது உள்ளி கட்டி, மறுபடி விதையாயின. அது பிறகு, தை மாசத்தில் நடந்தது. அன்றைக்கு எனக்கு அத்தையின் மேல் கோபம்தான். கேலி செய்தவளுக்கு நல்லதையெல்லாம் கொடுத்துவிட்டாளே, இப்படியும் ஒரு ஏமாளியா என்று நினைத்தேன். அவள் எதைக் காப்பாற்றினாள் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது ஒன்றுதான்: என்னால் இரண்டு குடம் குடிதண்ணீர் போயிற்று, அடுத்த லாரி புதன்கிழமைதான் வரும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன தண்ணீரை நான் குடிக்கவில்லை. சாயங்காலம் கொல்லையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொரு துண்டின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டு, வெறும் பாட்டிலைக் கவிழ்த்து உதறினேன்.