ஆடிட்டர் சொன்னார்

மோலோ ஊர்த் தேவாலயத்துக்குப் பின்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் லியோனிசாவுக்கு யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்ல வராது. அதற்குப் பதிலாக அவளிடம் வேறொன்று தயாராக இருந்தது: “ஆடிட்டர் வேண்டாம்னுட்டார்.”

கூலியைக் கூட்டச் சொல்லும் மாவு பிசைகிறவன், கூடைப்பந்துப் போட்டிக்கு நன்கொடை கேட்டு வரும் இளவட்டங்கள், மகளுக்குக் கடையில் வேலை கேட்கும் பக்கத்து வீட்டுக்காரி, எல்லோருக்கும் இதே பதில்தான். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். படித்த மனிதர் வேண்டாம் என்றுவிட்டால் இவள் பாவம் என்ன செய்வாள் என்று போய்விடுவார்கள். தெருவில் கடை வைத்திருக்கிற அத்தனை பேரும் இதைத்தான் செய்தார்கள். மருந்துக்கடைக்காரர் தன் வக்கீலைக் கை காட்டுவார், அவ்வளவுதான் வித்தியாசம். எதிரில் நிற்கிறவரை நேருக்கு நேர் மறுத்துக் கூசவைக்காமல் இருக்க ஊர் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி அது.

ஆடிட்டர் எல்பிடியோவுக்கு இது தெரியும். சிரித்துக்கொள்வார். லியோனிசாவின் மகனுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவர் அவர்தான். அதனால் அவள் அவரை ‘பாரே’ என்பாள், அவர் அவளை ‘மாரே’ என்பார். ஞானத்தகப்பனாக்கிவிட்ட பிறகு கட்டணம் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பை சூடான ரொட்டியோடு கணக்கு நேராகிவிடும். அதற்காக அவர் அசட்டையாக ஒன்றும் இருந்துவிடவில்லை. சந்தைப் பக்கம் இரண்டாவது கடை திறந்தே தீருவேன் என்று அவள் துடித்தபோது, “முதல்ல போய் அந்த இடத்துல நாலு நாள் காலையில நின்னு பாருங்க மாரே, யார் யார் நடந்து போறாங்கன்னு,” என்றார். போய் நின்றாள். நாய்கள்தான் நடந்து போயின. அப்படி அவர் பேச்சைக் கேட்டுத் தப்பியது பல தடவை.

கேட்காமல் விட்டது ஒரே ஒரு தடவைதான்.

கடைக்கு உரிமம் வாங்கிய காலத்தில் அவர் கேட்டார்: “அடுப்பு, மாவு மெஷின், முன்பணம் எல்லாம் உங்க தங்கச்சி ஹாங்காங்ல அடுத்தவங்க பிள்ளையை வளர்த்து அனுப்பினதுதானே? அவங்க பேரையும் சேர்த்துடுங்க. வக்கீலை வச்சு கூட்டாளிகள்னு எழுதிக்கலாம். இப்போ ஒரு மத்தியானத்து வேலை, பின்னால செஞ்சா கண்ணீர்.”

“ஆகட்டும் பாரே,” என்றாள். செய்யவில்லை. சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கப்போகிற உரிமத்தில் தன் பெயர் மட்டும் தனியாக இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே தங்கை புரீட்டாதான் கெட்டிக்காரி, புரீட்டாதான் அழகி. இந்த ஒன்றாவது தனக்கென்று இருக்கட்டுமே என்று பட்டது. அவ்வளவு அற்பமான ஆசைதான் அது.

வருஷங்கள் கழித்து புரீட்டா ஒரேயடியாக ஊர் திரும்பினாள். கடைக்குள் நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தாள்.

“என்னக்கா இது, என் பேரைக் காணோம்?”

லியோனிசாவின் வாய் பழகிய தடத்திலேயே ஓடியது. “ஆடிட்டர் வேண்டாம்னுட்டார்டி. வெளிநாட்டுல இருக்கறவங்க பேரைப் போட்டா சிக்கலாம்.”

புரீட்டா அக்காவை நம்பினாள். எல்பிடியோவை வெறுத்தாள்.

ஜூலையில் தேவாலயத்துப் புனித அன்னம்மாளின் திருவிழா வந்தது. லியோனிசாவின் வீட்டில் முழுப் பன்றியைச் சுட்டு மேசையில் வைத்து, தெருவே உட்கார்ந்திருந்தது. எல்பிடியோ வழக்கம்போல் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். புரீட்டா எல்லோருக்கும் தட்டு வைத்தாள், அவருக்கு மட்டும் வைக்கவில்லை. “ஒரு சந்தேகம் சார்,” என்றாள், மேசை முழுக்கக் கேட்கும்படி. “ஊர்ல இல்லாதவ பேரைத் துடைச்சு எடுக்க எவ்வளவு ஃபீஸ் வாங்குவீங்க?”

எல்பிடியோ ஒரு தடவை லியோனிசாவைப் பார்த்தார். அவள் குனிந்து யார் கிண்ணத்திலோ சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணம் நிரம்பி வழிந்தும் ஊற்றினாள். அவர் எழுந்து, “திருவிழா நல்லபடியா நடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போனார்.

அதற்குப் பிறகு தெரு சும்மா இருக்குமா? தங்கை உழைப்பை அக்காவுக்கு எழுதிக்கொடுத்த ஆடிட்டர் என்று சந்தை வரை பேச்சு போனது. மருந்துக்கடைக்காரர் தன் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். மீன்கடைக்காரியும் மாற்றினாள். ஒவ்வொரு செய்தியும் லியோனிசாவின் கடைக்கே வந்து, அவள் காதில் விழுந்து, மேலே போனது. அவள் பொட்டலம் மடித்துக்கொண்டு ‘அப்படியா’ என்றாள். தன்னைப் போல் ஒரு கேடுகெட்டவள் உண்டா என்று அடுப்பு முன்னால் நின்று அழுதாள். அழுதாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல், வரி சம்பந்தமாக ஏதோ கேட்கிற சாக்கில் அவருடைய அலுவலகத்துக்குப் போனாள். அவர் ஒன்றும் நடக்காததுபோல் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். புது வேன் இந்த வருஷம் வேண்டாம், பழைய வேனுக்கு என்ஜினை மட்டும் பாருங்கள் என்று கேட்காத யோசனையையும் சொன்னார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அன்னிக்கு ஏன் பாரே ஒண்ணும் சொல்லாம போனீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க என்கிட்ட பேசினதை வெளியில சொல்ல எனக்கு உரிமை கிடையாது மாரே. என் தொழில் அப்படி. சொல்ல உரிமை இருந்த ஆளு சூப் ஊத்திக்கிட்டு இருந்தாங்க.”

லியோனிசாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்குப் போய், துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையின் எதிரில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். பொறாமைப்பட்டதையும் சேர்த்துத்தான்.

புரீட்டா வெகுநேரம் மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்தாள். பிறகு சொன்னாள்: “என்னை ஏமாத்தினதை நாம ரெண்டு பேரும் அப்புறம் பேசிக்கலாம். அந்த மனுஷனை நான் ஊரைக் கூட்டி அவமானப்படுத்தியிருக்கேன். உன் வாயை நம்பி. நாலு சுவத்துக்குள்ள என்கிட்ட அழுதா ஆச்சா? போய் ஊர்கிட்ட சொல்லு.”

மறுநாள் விடிகாலை, ரொட்டிக்கு வரிசை தெருமுனை வரை நின்றது. லியோனிசா ஜன்னல் வழியே தலையை நீட்டி, “ஆடிட்டர் மேல ஒரு தப்பும் இல்ல,” என்றாள். முன்னால் நின்ற இரண்டு பேரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள்: “தங்கச்சி பேரைச் சேருன்னுதான் அவர் சொன்னார். நான்தான் சேர்க்கலை. பழியை அவர் மேல போட்டேன்.”

“அப்போ என் கூலி விஷயம்?” என்று உள்ளேயிருந்து மாவு பிசைகிறவன் கேட்டான்.

“அதுவும் நான்தான்டா.”

“எங்க கூடைப்பந்து நன்கொடை?” என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

“அதுவும்தான்.”

“நல்ல பொம்பளைதான் போ,” என்றாள் மீன்கடைக்காரி. “ரொட்டியாவது உண்மையான ரொட்டியா?” எல்லோரும் சிரித்தார்கள். லியோனிசாவுக்கு அந்தச் சிரிப்பு அடியைவிட வலித்தது.

அந்த வாரமே அக்காவும் தங்கையும் அவர் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். புரீட்டா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். அவர் பதறி அவளை உட்காரச் சொன்னார். கூட்டாளி ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்கவேண்டும், ஒருத்தி விலகினால் என்ன ஆகும், ஒருத்தி இறந்தால் என்ன ஆகும் என்று வக்கீலை வைத்துக்கொண்டு இருவருக்கும் புரியும்படி எடுத்துச் சொன்னார். அவர் சொன்னபடி, ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது.

கிளம்பும்போது அவர் லியோனிசாவை மட்டும் நிறுத்தினார்.

“பையனுக்கு நான் எப்பவும் ஞானத்தகப்பன்தான் மாரே. அதுல மாத்தம் இல்ல. ஆனா கடைக் கணக்கு இனிமே என்கிட்ட வேண்டாம்.”

அவளுக்குக் கண் நிறைந்தது. கெஞ்சுவதற்கு முகம் இல்லை. “வேற யார்கிட்ட போறது பாரே? எனக்கு யாரைத் தெரியும்?”

“ஹாரோ பக்கம் ஒரு பொண்ணு இருக்கா, நல்லா செய்வா. சொந்தம் கொண்டாடாதீங்க, விருந்துக்குக் கூப்பிடாதீங்க, ஃபீஸைக் கொடுத்துடுங்க. முதல் நாளே எல்லாத்தையும் மறைக்காம சொல்லிடுங்க.” எல்பிடியோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.”