சட்டைக் காலரோடு நின்ற சிவப்பு

பள்ளிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். "டீச்சர், நம்ம டாக்டரம்மா விடியக்காலையில தவறிட்டாங்க" என்றார். எந்த டாக்டரம்மா என்று நான் கேட்கவில்லை. மதுரை கோச்சடையில் எங்கள் தெருவுக்கு ஒரே டாக்டரம்மாதான், தோல் மருத்துவர் சாரதா. எனக்கு டாக்டரக்கா. மாட்டிய செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் தெருக்காரர்களில் அவரிடம் திட்டு வாங்காத யாராவது இதைப் படிக்கிறீர்களா? இருக்க முடியாது. சிவப்பாக வேண்டும் என்று கழுத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு, மொட்டைமாடி வெயிலில் வற்றல் காயப்போட்டுவிட்டு, திட்டுத்திட்டாகக் கறுத்து வந்த புதுப்பெண்ணை அவர் விட்டாரா? பருவுக்குத் தந்த களிம்பை இரவில் மட்டும் பூசச் சொல்லியிருக்க, சீக்கிரம் குணமாகட்டும் என்று காலையிலும் பூசிக்கொண்டு ஸ்கூட்டியில் சுற்றி, முகம் உரிந்து வந்தாள் ஒரு கல்லூரிப் பெண். "மருந்து மேல தப்பில்ல, வெயிலு மேலயும் தப்பில்ல. ரெண்டையும் ஒண்ணாச் சேத்து வச்ச பாரு, அதுதாந் தப்பு" என்றார். அவள் அழுததும் மோர் வாங்கிவரச் சொல்லிக் குடிக்க வைத்தார். பிறகு தன் தங்கைக்குப் போன் போட்டு சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவது என் கணவருடைய நேர்த்திக்கடன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே போகிறார். இடையில் இதயத் துடிப்பு தாறுமாறாகி மாத்திரைகள் ஆரம்பித்திருந்தார்கள். வெயிலில் போகாதீர்கள் என்று இதய மருத்துவர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் மதுரையில் சித்திரை மாதம் அதைச் சொல்லாதவர் யார்? பால்காரர்கூடச் சொல்வார். அந்த மாத்திரைக்காகத்தான் சொல்கிறார் என்பது வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தலையில் உருமா கட்டி, தண்ணீர் நிரப்பிய தோல்பையைத் தோளில் மாட்டி, பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தார். மறுநாள் முகமும் புறங்கைகளும் தீப்பட்டதுபோல் சிவந்து கொப்புளம் கண்டன. மாமியார் பார்த்ததுமே அம்மை என்றார். வாசலில் வேப்பிலை ஏறியது, அடுப்பில் தாளிப்பு நின்றது. ஆத்தா இறங்கியிருக்கும்போது மருந்து ஆகாது என்று என் கணவரே மாத்திரை டப்பாவை ஒதுக்கிவைத்தார். கெஞ்சினேன், சண்டை போட்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பேசாமல் இரு என்று சொல்லிவிட்டார். இரண்டாம் நாள் நெஞ்சு படபடக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். டாக்டரக்காவுக்குப் போன் போட்டேன்.

அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் வரக் கூடாது. டாக்டரக்காவுக்கு அது தெரியும். வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு, வேப்பிலைக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று மாமியாரிடம் கேட்டார். மாமியார் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார். அந்தச் சில நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தில் வேப்பிலையைப் பிய்த்து எறிந்திருப்பேன். டாக்டரக்கா கண்ணாலேயே என்னை அடக்கினார். கடைசியில் மாமியார் ஒதுங்கி வழிவிட்டார்.

டாக்டரக்கா என் கணவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். நெஞ்சிலும் வயிற்றிலும் ஒரு கொப்புளம் இல்லை. சிவப்பு காலர் இருந்த இடத்தோடு நின்றிருந்தது. உருமா மறைத்த நெற்றியும் பழைய நிறத்திலேயே இருந்தது.

"தம்பி, ஆத்தா வந்தா சட்டை போட்ட எடத்த விட்டுட்டா வருவா? இது வெயிலு. அந்த மாத்திர ஒடம்புல இருக்கையில வெயிலு இப்பிடித்தான் சுடும்."

என் கணவர் குனிந்து தன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்ததும் முகம் மாறிவிட்டது.

"தோலு ஆறிரும். நெஞ்சு காத்திருக்காது."

இதய மருத்துவருக்கு அங்கிருந்தே போன் செய்தார். டப்பாவில் எந்த மாத்திரை என்று சொல்லி, அதைக் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொன்னார் அவர். தண்ணீர்ச் செம்பை நீட்டியது மாமியார்தான்.

அப்போது நடுப்பகல். திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வரவில்லை. டாக்டரக்கா எங்கள் ஜமக்காளத்தை உருவி என் கணவரைத் தலையோடு போர்த்தினார். ஒரு விரல்கூட வெளியே தெரியக் கூடாது என்று எனக்கு உத்தரவு. வழிமறித்த ஆட்களையெல்லாம் அதட்டிக்கொண்டே ஆட்டோ நிற்கும் இடம்வரை முன்னால் நடந்தார். அந்தக் குரல் நடுங்கியதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் டாக்டரக்காவும் அழுதோம்.

டாக்டரக்காவின் இறுதி ஊர்வலமும் உச்சி வெயிலில்தான் கிளம்பியது. தோள் கொடுக்கப் போகிறேன் என்று, அந்த மாத்திரையை இன்றும் சாப்பிடும் என் கணவர் அரைக்கைச் சட்டையோடு இறங்கினார். மறித்தேன். "அக்காவுக்கு இன்னைக்கு ஒரு நாள்தான" என்றார். தெரு நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"அவங்க காப்பாத்துன ஒடம்ப அவங்க பாடைக்குப் பக்கத்துலயே வச்சுக் கருக்கப் போறீகளா? உள்ள போங்க."

நான் இதுவரை அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அது என் குரல் மாதிரியே இல்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. என் கணவர் நிழலுக்குள் போய், பாடை தெருமுனை திரும்பும்வரை கைகூப்பியபடி நின்று அழுதார்.

டாக்டரக்கா எனக்கு விட்டுப்போனது அந்த அதட்டல்தான். அதை வைத்துத்தான் இனி நான் இவரைக் காப்பாற்றியாக வேண்டும்.